கார் பட்டியில கவசம்: டிங்கரிங் கடை பாலியெஸ்டர் பட்டி பத்தி ஒரு முழு ரிவ்யூ

2024ல காமிக் கான் (காமிக்ஸ், சினிமா கேரக்டர் மாதிரி வேஷம் போட்டுட்டு ரசிகர்கள் கூடுற விழா) சென்னைக்கு வந்ததுல இருந்து சொந்தமா கவசம் செய்றவங்க கூட்டம் நல்லாவே கூடிருச்சு, கூடவே ஒரே கேள்வியும் திரும்பத் திரும்ப வருது. வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் போண்டோ போண்டோன்னு ஒரு அமெரிக்க கார் பட்டியை எடுத்து தடவுறாங்க, அது இங்க இம்போர்ட் ஆகி வர்றப்போ விலை எங்கயோ நிக்குது, அதுக்கு பதிலா நம்ம ஊர் டிங்கரிங் பட்டறைல கார் ஒடுக்குக்கு போடுற பட்டியையே போடலாமா? போடலாம். நான் ஒரு ஹெல்மெட், ரெண்டு தோள், ஒரு மார்க்கவசம், முழங்கால், முன்னங்கைன்னு முழு செட்டும் இதுலதான் முடிச்சேன், அதுக்கப்புறம் நண்பர்களோட பீஸ்லயும் நிறைய போட்டாச்சு, அதனால இந்த ரிவ்யூ டின்னை திறந்து பாத்துட்டு எழுதுறது கிடையாது.

முதல்ல எதைப் பத்தி பேசுறோம்னு தெளிவா சொல்லிடறேன், ஏன்னா கடையில பட்டின்னு கேட்டா மூணு நாலு ஐட்டம் எடுத்து வைப்பாங்க. சுவருக்கு பூசுற பட்டி சிமென்ட் சமாச்சாரம், அது நமக்கு வேண்டவே வேண்டாம். என்சி பட்டின்னு ட்யூப்லயோ சின்ன டப்பாவுலயோ வரும், அதுல ஹார்ட்னர் (பட்டியை இறுக வைக்க கலக்குற பொருள்) கிடையாது, உள்ள இருக்கிற தின்னர் காத்துல பறந்து காயும், கடைசி கட்ட கீறலுக்கும் ஊசி ஓட்டைக்கும் மட்டும்தான் அது. எம்-சீல் மாதிரி எபாக்ஸி பட்டி, கொம்பு, ரிவெட் தலை, சின்ன டிசைன் உருட்டி வைக்க ரொம்ப நல்லது, ஆனா பெரிய பரப்புல தேய்ச்சா கை விட்டுப் போயிடும் அவ்வளவு கெட்டி. நான் சொல்றது ரெண்டு பாகமா வர்ற பாலியெஸ்டர் பட்டி, கடைக்காரங்க பாடி பட்டி, 2கே பட்டின்னு சொல்வாங்க, டின்ல பேஸ்ட் இருக்கும், கூட ஒரு சின்ன ட்யூப்ல சிவப்பாவோ வேற கலர்லயோ ஹார்ட்னர் இருக்கும். போண்டோவும் இதே குடும்பம்தான். அமெரிக்காவுல கார் ஒடுக்குக்கு ஒரு காலத்துல ஈயத்தை உருக்கி ஊத்திட்டு இருந்தாங்க, 1950கள்ல இந்த பிளாஸ்டிக் பட்டி வந்துதான் அது குறைஞ்சது, போண்டோ பிராண்டை 2007ல 3எம் வாங்கிடுச்சு. டின்னுக்குள்ள பாலியெஸ்டர் ரெசின், ஸ்டைரீன், டால்க் பவுடர், லைட்வெயிட் வகையா இருந்தா கண்ணுக்கு தெரியாத அளவு குட்டி கண்ணாடி குமிழ், அவ்வளவுதான், லோக்கல் டின்லயும் அதே அடிப்படைதான்.

சென்னையில ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை பக்கம் எந்த ஆட்டோ பெயின்ட் கடையிலயும் கிடைக்கும். மத்த ஊர்ல டிங்கரிங் பட்டறை எங்க இருக்கோ அதுக்கு பக்கத்துலயே ஒரு பெயின்ட் கடை இருக்கும், அங்க போங்க. கேக்குறப்போ "லைட்வெயிட் பாலியெஸ்டர் பட்டி, ஹார்ட்னரோட"ன்னு கேளுங்க. சாதா பட்டியும் வேலை செய்யும், ஆனா அது கனம், கார் கதவுக்கு கனம் ஒரு பொருட்டே இல்ல, நம்ம தோள்ல நாள் முழுக்க தொங்கப் போற பீஸுக்கு அது பொருட்டு. லைட்வெயிட் தேய்க்கவும் சுலபம். ஃபைபர் இழை கலந்த பட்டின்னு இன்னொண்ணு இருக்கு, ரெண்டு பாகத்தை சேக்குற ஜாயின்டுக்கு உள்பக்கமா வைக்க பிரமாதம், மேல்பரப்புக்கு போட்டா இழை தலை தூக்கிட்டே இருக்கும்.

எதுக்கு மேல போடலாம்னு பாக்கலாம், இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 3டி பிரின்ட் பண்ண பிஎல்ஏ பிளாஸ்டிக், நல்லா ஒட்டும், 80 இல்லன்னா 120 நம்பர் உப்புத்தாள்ல சொரசொரப்பாக்கி தூசி துடைச்சிட்டு போடணும். பெப்பகுரா முறையில சார்ட் அட்டையை மடிச்சு ஒட்டி உள்ள ஃபைபர் ரெசின் குடுத்து கெட்டியாக்குன பீஸ், இதுக்கும் பட்டிக்கும் ரொம்ப ராசி, ரெண்டுமே பாலியெஸ்டர். சன்போர்டு, பிவிசி பைப், இதுலயும் சொரசொரப்பு குடுத்தா பிடிக்கும். தெர்மாகோல்ல நேரா தடவவே கூடாது, பட்டியில இருக்கிற ஸ்டைரீன் தெர்மாகோலை கண்ணெதிர்லயே கரைச்சு குழி ஆக்கிடும், தெர்மாகோல்தான் பேஸ்னா மேல ஃபெவிகால்ல பேப்பர் ரெண்டு மூணு அடுக்கு ஒட்டி நல்லா காய விட்டு, தெர்மாகோல் எங்கயும் வெளிய தெரியலன்னு உறுதி பண்ணிட்டு அப்புறம் போடுங்க. ஈவிஏ ஃபோம், அதாவது ரப்பர் மாதிரி வளையிற ஸ்பாஞ்ச் ஷீட், வேற கதை. ஃபோம் வளையும், பட்டி வளையாது, ஒரு தடவை போட்டு கழட்டுனாலே விரிசல் விடும். ஃபோம் கவசத்துக்கு அக்ரிலிக் சீலன்ட்தான் சரி, விரலை தண்ணியில நனைச்சு இழுத்தா அழகா உக்காரும், வளையவும் செய்யும். "ஃபோமுக்கு எந்த பட்டி நல்லது"ன்னு கேட்டா என் பதில் எந்த பட்டியும் வேண்டாம்ங்கிறதுதான்.

இப்போ கலக்குறது. கடைக்காரர் "தம்பி, ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு பட்டாணி அளவு ஹார்ட்னர் போடு"ம்பாரு, அவங்களுக்கு கை அளவு தெரியும், நமக்கு அது வர்றதுக்கு நாளாகும், அதனால ஒண்ணு ரெண்டு கிராமைக்கூட துல்லியமா காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிடுங்க. பொதுவா எடையில 2 சதவீதம், அதாவது 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்ட்னர். டின்னுல வேற கணக்கு போட்டிருந்தா டின் சொல்றதுதான் முடிவு. வெயில் காலத்துல கொஞ்சம் குறைக்கலாம், மழை நாள்ல கொஞ்சம் கூட்டலாம், ஆனா 1க்கு கீழயும் 3க்கு மேலயும் போகாதீங்க. கம்மியா போட்டா பிசுபிசுன்னு நின்னுடும், எவ்வளவு நாள் காத்திருந்தாலும் முழுசா இறுகாது. அதிகமா போட்டா சீக்கிரம் இறுகும்தான், ஆனா மீதி ஹார்ட்னர் உள்ளயே தங்கி, அப்புறம் நீங்க அடிக்கிற வெள்ளை பெயின்ட் வழியா மஞ்சளாவோ சிவப்பாவோ கறை ஏறி வரும், ஊசி ஓட்டையும் நிறைய விழும். ஹார்ட்னர் ட்யூபை திறக்குறதுக்கு முன்னாடி மூடியோட நல்லா பிசைஞ்சு விடுங்க, கடையில ரொம்ப நாள் கிடந்த ட்யூப்ல எண்ணெய் தனியா பேஸ்ட் தனியா பிரிஞ்சிருக்கும், முதல்ல வர்றது வெறும் எண்ணெயா இருந்தா அந்த கலவை இறுகாது.

இன்னொண்ணு, ஃபைபர் வேலைக்கு வாங்குன தண்ணி மாதிரி ஹார்ட்னர் வீட்டுல இருக்கும், பட்டி ட்யூப் தீந்து போச்சுன்னு அதை ஊத்திடாதீங்க. அது எம்ஈகேபி, இது பென்சாயில் பெராக்சைடு, ரெண்டும் வேற, பட்டிக்குள்ள கம்பெனிக்காரன் போட்டிருக்கிற ஆக்சிலரேட்டர் (ரியாக்‌ஷனை வேகமாக்குற பொருள்) பென்சாயில் பெராக்சைடுக்குன்னே போட்டது. பட்டி ஹார்ட்னர் தனியா ட்யூபா அதே கடையில கிடைக்கும், ரொம்ப சின்ன காசு.

கலக்குற பலகைக்கு அட்டை எடுக்காதீங்க, அட்டை ஸ்டைரீனை உறிஞ்சிடும், பிசிறும் பட்டியோட வந்துடும். உடைஞ்ச டைல்ஸ் துண்டு, மைக்கா ஷீட், கண்ணாடி, இதுல எதுவும் ஓகே. பட்டி பிளேடால அடிச்சு கிளறாம மடிச்சு மடிச்சு அமுக்கணும், புதுப்பேட்டையில ஒரு டிங்கரிங் அண்ணன் வேலை செய்றதை பக்கத்துல நின்னு பாத்தா இது நல்லா புரியும், அவரு கை ஒரே திசையில இழுத்து அமுக்கும், காத்து உள்ள போகாது, காத்து போனா அத்தனையும் அப்புறம் ஊசி ஓட்டை. ஹார்ட்னர் கலர் வரி வரியா தெரியிறது நின்னு ஒரே நிறமாச்சுன்னா கலந்தது போதும். ஹார்ட்னர் பட்ட பிளேடை திரும்ப டின்னுக்குள்ள விடவே கூடாது, மிச்சம் ஆனதை டின்ல போடுறதும் கூடாது, டின்னே கட்டி கட்டியா போயிடும்.

கலந்ததுக்கு அப்புறம் 25 டிகிரி சூட்டுல ஒரு 4, 5 நிமிஷம் கிடைக்கும் தடவ, சித்திரை வெயில்ல மொட்டை மாடியில நின்னா அதுல பாதிகூட கிடைக்காது, சூடு 10 டிகிரி ஏறுனா ரியாக்‌ஷன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமாகும்னு பொதுவா ஒரு கணக்கு உண்டு. அதனால காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, இல்ல சாயங்காலம், சின்னச் சின்ன உருண்டையா கலந்து வேலை பாருங்க. முதல் கோட்டை பிளேடால நல்லா அழுத்தி தேய்ச்சு ரொம்ப மெல்லிசா விடணும், அது 3டி பிரின்ட்டோட லேயர் கோடு இடுக்குல எல்லாம் புகுந்து பிடிச்சிக்கும், அதுக்கு மேல அடுத்த கோட்டை ஏத்தணும். ஒரே கோட்ல தடிமனா அப்புறவங்களுக்கு ரெண்டு பிரச்சினை, உள்ள காத்து மாட்டும், இறுகுறப்போ வர்ற சூடு மெல்லிசான பிஎல்ஏ பீஸை நெளிச்சிடும், பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சிடும். மொத்தமா 5, 6 மில்லிமீட்டருக்கு மேல பட்டி தேவைப்படுதுன்னா அந்த இடத்துல பட்டி வேண்டாம், சன்போர்டு துண்டை ஒட்டி உசரத்தை கொண்டு வந்துட்டு அதுக்கு மேல பட்டி போடுங்க.

சரி, நான் இந்த ரிவ்யூ எழுதுறதுக்கே காரணமான விஷயத்துக்கு வரேன். பாலியெஸ்டர் பட்டின்னாலே "ஐயோ தேய்ச்சே செத்தோம்"ங்கிற பேச்சுதான் எங்கயும் கேக்குது. அப்படி சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்க பட்டியை ராத்திரி போட்டுட்டு மறுநாள் காலையில உப்புத்தாளோட உக்காருறவங்க. அப்போ அது கல்லு. இந்த பட்டிக்கு நடுவுல ஒரு நிலை இருக்கு, போட்டு ஒரு 10, 15 நிமிஷத்துல வரும், விரல் வச்சா ஒட்டாது, நகத்தால அழுத்துனா மட்டும் தடம் விழும், அந்த நேரத்துல பழைய துணி சோப்பை கத்தியால சீவுற மாதிரி சீவி எடுக்கலாம். இந்த நிலை கொஞ்ச நேரம்தான் நிக்கும், ஆனா அந்த நேரத்துல ராஸ்ப் அரமோ (பெரிய பல் வச்ச அரம்) சர்ஃபார்மோ (துருவி மாதிரி ஓட்டை பல் வச்ச சீவுளி) கேரட் துருவுற பழைய துருவியோ வச்சு இழுத்தீங்கன்னா, மணிக்கணக்கா தேய்க்க வேண்டிய மேடு எல்லாம் சுருள் சுருளா போயிடும், தூசியும் பறக்காது, சுருளாத்தான் கீழ விழும். உருவம் கொண்டு வர்றது மொத்தமும் இந்த கட்டத்துலயே முடிஞ்சிடணும், தாடை வளைவு, புருவ மேடு, மார்க்கவசத்து நடு முனை எல்லாமே. உப்புத்தாள் அதுக்கப்புறம் வழவழப்புக்கு மட்டும்தான். இந்த ஒரு பழக்கம் வந்துட்டா இதே பட்டி வேற பொருளா தெரியும். இந்த விலைக்கு, இவ்வளவு வேகமா இறுகி, இவ்வளவு சொன்ன பேச்சு கேக்குற பொருள் நம்ம ஊர்ல வேற இல்லன்னுதான் நான் நினைக்கிறேன். எபாக்ஸி பட்டியில இந்த மாதிரி ஒரு ரவுண்டு முடிக்க மணிக்கணக்கா காத்திருக்கணும், இதுல ஒரு சாயங்காலத்துல மூணு நாலு கோட் ஏத்தி, சீவி, திரும்ப ஏத்திடலாம்.

ரொம்ப சீக்கிரம் கை வைக்கவும் கூடாது, பிசுபிசுன்னு இருக்கிறப்போ அரம் வச்சா ஓரத்துல இருந்து மொத்தமா உரிஞ்சு வந்துடும். நகத்தடம் டெஸ்ட்தான் நம்பகமானது. கலக்குன பலகையில மிச்சம் இருக்கிற பட்டியை தொட்டு பாத்து முடிவு பண்ணாதீங்க, அது குவியலா கிடக்கும், தடிமனா கிடக்குறது சூடாகி முதல்லயே இறுகிடும், பீஸ் மேல இருக்கிறது அப்போ இன்னும் பச்சையாத்தான் இருக்கும். இறுகுன பட்டியோட மேல்தோல் மட்டும் லேசா பிசுக்கா இருக்கும், காத்து பட்ற இடத்துல அப்படித்தான் ஆகும், அதனால எடுத்தவுடனே உப்புத்தாள் போட்டா தாள் அடைச்சிக்கும், முதல்ல அரத்தால அந்த தோலை எடுத்துட்டு அப்புறம் தாள் எடுங்க.

தாள் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். ஹார்டுவேர் கடையில மரத்துக்குன்னு குடுக்குற பழுப்பு உப்புத்தாள் இதுக்கு நிக்காது, கிழிஞ்சிடும். 80க்கு துணி பேக்கிங் வச்ச எமரி வாங்குங்க, 120, 180, 240க்கு கார் பெயின்ட் கடையிலயே வெள்ளையா ஒரு டிரை பேப்பர் இருக்கும், தூசி அடைக்காம இருக்கிறதுக்குன்னு மேல ஒரு பூச்சு குடுத்தது, அது வாங்குங்க. கறுப்பு வாட்டர் பேப்பர் பிரைமருக்கு அப்புறம்தான். ஏன்னா பட்டி மேல தண்ணி படவே கூடாது, உள்ள இருக்கிற டால்க் தண்ணியை இழுத்து வச்சுக்கும், மேல பெயின்ட் அடிச்சு வெயில்ல நின்னா கொப்புளம் கிளம்பும். வாட்டர் பேப்பர் வேலை எல்லாம் பிரைமர் முழுசா மூடுனதுக்கு அப்புறம்.

நம்பர் தாவக்கூடாது. 80 போட்ட கீறலை 120 எடுக்கும், 120 கீறலை 180 எடுக்கும், 80ல இருந்து நேரா 320 போனீங்கன்னா 320 அந்தக் கீறலை பளபளப்பாக்கும், எடுக்காது, பெயின்ட் அடிச்சதும் அத்தனையும் எந்திரிச்சு நிக்கும். ஒரு நம்பர் குறுக்கா ஒரு சாய்வுல தேய்ச்சா அடுத்த நம்பர் எதிர் சாய்வுல, அப்போ பழைய கீறல் மிச்சம் இருக்கா இல்லையான்னு கண்ணுக்கே தெரியும்.

கையில தாளை பிடிச்சு விரலால தேய்க்காதீங்க, விரல் இருக்கிற இடம் மட்டும் குழியும், அலை அலையா வரும். தட்டையான இடத்துக்கு மரக்கட்டை, வெளிப்பக்கம் வளைஞ்ச இடத்துக்கு ரப்பர் செருப்போட அடியை வெட்டி எடுத்த துண்டு, நம்ம ஊர் பெயின்டர்கள் எத்தனையோ வருஷமா பயன்படுத்துறது, அதைவிட நல்ல சாண்டிங் பிளாக் காசு குடுத்தாலும் கிடைக்காது. உள்பக்கம் குழிஞ்ச இடத்துக்கு பிவிசி பைப் துண்டுல தாளை சுத்தி தேயுங்க, குழிவோட அளவுக்கு ஏத்த பைப். கூர்மையான விளிம்பு வேணும்னா விளிம்போட ஒரு பக்கத்துல மாஸ்கிங் டேப் ஒட்டி அடுத்த பக்கத்தை டேப் வரைக்கும் தேய்ச்சு நிறுத்துங்க, அப்புறம் டேப்பை இந்தப் பக்கம் மாத்துங்க. நடுவுல இருக்கிற கோடு, பேனல் லைன் எல்லாம் பட்டியில மூடிடும், அதுக்கு கவலைப்படாதீங்க, கடைசியில ஆக்ஸா பிளேடோட முனையை வச்சு டேப் ஓரமா இழுத்தா கோடு புதுசா, முன்னாடி இருந்ததைவிட சுத்தமா வரும்.

ஹெல்மெட்ல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு கண்ணால பாத்து முடிவு பண்ண முடியாது, தேய்ச்சு தேய்ச்சு கண்ணு பழகிடும். ஒரு பக்க வளைவை அட்டையில வெட்டி டெம்ப்ளேட் எடுத்து அதை திருப்பி மறு பக்கத்துல வச்சு பாருங்க, எங்க வெளிச்சம் தெரியுதோ அங்க பட்டி ஏத்தணும், எங்க முட்டுதோ அங்க சீவணும். மேடு பள்ளம் கண்டுபிடிக்க கண்ணை மூடிட்டு உள்ளங்கையை மெதுவா ஓட்டுங்க, ஒரு மெல்லிசு காட்டன் துணி நடுவுல இருந்தா இன்னும் நல்லா தெரியும், கை சொல்றது பொய்யாகாது. ராத்திரி லைட் அணைச்சிட்டு டார்ச்சை பக்கவாட்டுல அடிச்சாலும் எல்லாம் வெளிய வந்துடும். பிரைமர் சர்ஃபேசர் (சின்னக் கீறலை நிரப்புற தடிமனான பிரைமர்) அடிச்ச பிறகு வேற கலர் ஸ்ப்ரேயை தூரத்துல இருந்து தூறல் மாதிரி லேசா அடிச்சு விட்டுட்டு 400 வாட்டர் பேப்பர் போடுங்க, அந்த கலர் எங்க போகாம நிக்குதோ அது பள்ளம். பள்ளம் தெரிஞ்சதும் அதே இடத்தை போட்டு தேய்க்கிற ஆசை வரும், தேய்ச்சா பள்ளம் பெருசாகும், அங்க என்சி பட்டியை மெல்லிசா இழுத்து விட்டு காய விடுங்க, என்சி காயிறப்போ சுருங்கும், அதனால தடிமனா போடாதீங்க.

எவ்வளவு வழவழப்பு வேணும்ங்கிறது பெயின்ட்டைப் பொறுத்தது. அடிபட்ட, துரு ஏறுன போர்க்கவசம்னா 240ல நிறுத்தி பிரைமர் அடிச்சு ஒரு 400 போட்டா போதும், அதுக்கு மேல உழைக்கிறது கண்ணுக்கு தெரியாது. பளபள வெள்ளின்னா 600 வரைக்கும் போயே ஆகணும், மெட்டாலிக் பெயின்ட் ஒரு கீறலையும் மறைக்காது. குரோம் வேணும்னா அதுக்கு கீழ அடிக்கிற கறுப்பே கண்ணாடி மாதிரி முகம் தெரியணும்.

பாதுகாப்பு விஷயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பாத்தான் பேசுவேன். கலக்குறப்போ வர்ற அந்த நெடி ஸ்டைரீன், 2018ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவு அதை மனுஷனுக்கு புற்றுநோய் வர வைக்க வாய்ப்பு அதிகம் உள்ள பொருள் பட்டியல்ல, 2ஏ பிரிவுல வச்சாங்க. என்95 மாஸ்க் தூசிக்கு, நெடியை அது தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கேட்ரிஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் ஒண்ணு வாங்குங்க, கூடவே தூசி ஃபில்டர், ஒரு தடவை செலவு. சர்ஜிக்கல் மாஸ்க், கைக்குட்டை கட்டுறது எல்லாம் சும்மா மனசு திருப்திக்கு. தேய்க்கிறப்போ வர்ற தூசியில டால்க்கும் கண்ணாடி குமிழும் இருக்கு, வீட்டுக்குள்ள, ஃபேனுக்கு கீழ, சின்னப் பிள்ளைங்க இருக்கிற இடத்துல தேய்க்கவே கூடாது. மொட்டை மாடின்னா கீழ் வீட்டு அக்கா துணி காயப் போட்டிருக்காங்களான்னு ஒரு தடவை பாத்துட்டு, காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னும் பாத்துட்டு உக்காருங்க, முடிச்சதும் விளக்கமாறால பெருக்காம ஈரத்துணியால துடைச்சு எடுங்க. கைக்கு நைட்ரைல் கையுறை, ஹார்ட்னர் தோல்ல பட்டா சிலருக்கு அரிப்பு வரும். மிச்சமான கலவை சூடாகும், ஆறுற வரைக்கும் குப்பைப் பேப்பரோட போடாதீங்க.

குறைன்னு சொன்னா, நெடி முதல் குறை, அடுக்குமாடி வீட்டுல இருக்கிறவங்களுக்கு அதுவே பெரிய தடை. ரெண்டாவது, தடிமனா போட்ட இடம் கீழ விழுந்தா தெறிக்கும், ஸ்ட்ராப் மாட்டுற ஓரம், இடுப்புப் பக்கம் மாதிரி வளையிற இடத்துல உள்பக்கம் ஃபைபர் துணி குடுக்காம பட்டியை நம்பக்கூடாது. மூணாவது, லோக்கல் டின்ல தரம் டின்னுக்கு டின் மாறும், ஒரு டின் வெண்ணெய் மாதிரி ஓடும், அதே பேர்ல அடுத்த டின் மணல் மணலா இருக்கும், அது கடையில எவ்வளவு நாள் எந்த சூட்டுல கிடந்ததுங்கிறதைப் பொறுத்தது. இம்போர்ட் டப்பாவுல இந்த ஏத்த இறக்கம் கம்மின்னு கேள்வி, ஆனா அந்த வித்தியாசத்துக்காக அவ்வளவு விலை குடுக்கணுமான்னா, உருவம் சீவுற வேலைக்கு தேவையே இல்லைங்கிறது என் கருத்து. 10க்கு 8.5 குடுப்பேன், நெடி இல்லாம இருந்தா 9.5.

வாங்குறப்போ டின்னை கையில எடுத்து குலுக்கி பாருங்க, தயாரிச்ச தேதி பாருங்க, பழசா இருந்தா வேற குடுங்கண்ணான்னு கேளுங்க, பெரும்பாலும் மாத்திக் குடுப்பாங்க. விலை மலிவா இருக்குன்னு 4 கிலோ டின் எடுக்காதீங்க, திறந்ததுக்கு அப்புறம் நம்ம ஊர் சூட்டுல அது ஓரத்துல இருந்து இறுக ஆரம்பிச்சிடும். ஹெல்மெட்டும் தோளும் மட்டும்னா 1 கிலோ போதும், மார்க்கவசமும் சேத்துன்னா இன்னொரு 1 கிலோ, கூட ஒரு ஹார்ட்னர் ட்யூப் எக்ஸ்ட்ரா. மூடியை அழுத்தி மூடி, வெயில் படாத இடத்துல, ஹார்ட்னரை தனியா வேற ஷெல்ஃப்ல வச்சிடுங்க.